வாடகை வீடும் அரசின் ஏடும்

ஒருவர் தமது வீட்டை மற்றொருவருக்கு வாடகைக்கு விடுவது நெடுங்காலமாக இருவருக்கிடையிலான உடன்பாடாகவே கருதப்பட்டு வந்தது. வாசலில் நின்று பேசி, வாடகை இன்னதென்று முடிவு செய்து, சாவியைக் கைமாற்றிக் கொள்வதோடு அக்கருமம் நிறைவேறிற்று. இவ்விருவருக்கும் புறம்பான மூன்றாமவராகிய அரசு எக்காலத்தில், எக்காரணம் பற்றி, எந்த ஏட்டைக் கையிலேந்தி அவ்வாசலுக்கு வந்தது என்பது ஆராயத்தக்கது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நுகேகொடையிலும் வாடகை வீடுகளிலே வாழ்ந்து, பிள்ளைகளைப் படிப்பித்து, அவர்களைக் கரைசேர்த்த தமிழ்க் குடும்பங்கள் மிகப்பல. அவற்றின் வரலாற்றில் ஒரு பகுதி இந்த ஏடுகளிலேயே பொதிந்து கிடக்கின்றது.

இலங்கையில் வாடகை பற்றிய பொதுச்சட்டம் ஒல்லாந்தர் விட்டுச் சென்ற உரோமன் டச்சுச் சட்டமாகும். வீடு விற்கப்பட்டாலும் வாடகைக்கிருப்பவரின் உரிமை அழியாது என்பது அச்சட்டத்தின் பழைய விதிகளுள் ஒன்று. பிரித்தானியர் ஆட்சியில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. நிலம் பற்றிய உடன்படிக்கைகள் யாவும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகள் காண எழுதப்படவேண்டும் என்பது அதன் கட்டளை. ஆயினும் ஒரு மாதத்துக்கு மேற்படாத வாடகைக்கு அது விலக்களித்தது. இச்சிறு விலக்கின் வாயிலாகவே கொழும்பு நகரம் முழுவதும் உள்ளே நுழைந்தது எனலாம். இருபது ஆண்டு ஒரே வீட்டில் இருந்த குடும்பமும் சட்டத்தின் பார்வையில் மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படும் வாய்மொழி வாடகையிலேயே இருந்தது. எழுத்து இல்லை, ஆகவே பதிவும் இல்லை. 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கப் பத்திரங்கள் பதிவுக் கட்டளைச்சட்டம் உறுதிகளையும் நீண்டகாலக் குத்தகைகளையும் காணிப்பதிவுக் கந்தோரின் ஏட்டில் ஏற்றியதெனினும், வாய்மொழி வாடகை அந்த ஏட்டின் எல்லைக்கு அப்பாலே நின்றது.

அப்படியாயின் வாடகை வீட்டைப் பற்றி அரசிடம் எவ்வித எழுத்தும் இருந்ததில்லையோ எனின், இருந்தது. 1865 ஆம் ஆண்டின் மாநகரசபைக் கட்டளைச்சட்டத்தின்படி அமைந்த கொழும்பு மாநகரசபை, வரி அறவிடும் பொருட்டு ஒவ்வொரு கட்டடத்தையும் மதிப்பிட்டு, அதன் ஆண்டுப் பெறுமதியை இடாப்பில் எழுதியது. அக்கட்டடம் ஆண்டொன்றுக்கு என்ன வாடகை பெறக்கூடும் என்னும் கணக்கே ஆண்டுப் பெறுமதியாகும். வரிக்காக எழுதப்பட்ட அவ்விடாப்பில் வாடகைக்குடியின் நலம் நாடி ஓர் எழுத்தேனும் எழுதப்படவில்லை. ஆனால் வரலாறு பல வேளைகளில் ஒரு கருவியை அது செய்யப்பட்ட நோக்கத்துக்கு மாறான வேலைக்கு எடுத்துக் கொள்கின்றது.

வாடகைக் கட்டுப்பாடு போரின் குழந்தை. முதலாம் உலகப் போரின்போது ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் படைக்கலத் தொழிற்சாலைகளுக்கும் கப்பற் பட்டறைகளுக்கும் தொழிலாளர் வந்து குவிந்தனர். வீட்டுரிமையாளர் வாடகையை உயர்த்தினர். கணவர் போர்முனையில் இருக்கையில் வீட்டைக் காத்துநின்ற பெண்கள் மேரி பார்பர் முதலானோர் தலைமையில் 1915 இல் வாடகை கொடுக்க மறுத்துக் கிளர்ந்தனர். அவ்வாண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் வாடகை உயர்வைத் தடுக்குஞ் சட்டத்தை இயற்றியது. 1914 ஆகஸ்ட் 3 ஆந் தேதியில், அதாவது பிரித்தானியா போரிற் புகுமுன், ஒரு வீட்டுக்கு இருந்த வாடகையே அதன் நியம வாடகை எனக் கொள்ளப்பட்டது. இம்முறை பின்னர் பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்களுக்கும் பரவிற்று.

இலங்கைக்கு அது இரண்டாம் உலகப் போரோடு வந்தது. 1942 ஏப்ரில் 5 ஆந் தேதி யப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. மக்கள் பலர் நகரை விட்டோடினர். ஆனால் நகரம் நீண்ட நாள் வெறிதாகக் கிடக்கவில்லை. துறைமுகமும் படைகளும் அலுவலகங்களும் ஆட்களை இழுத்தன, கட்டடப் பொருள்கள் கிடைக்கவில்லை, புதுவீடு எழவில்லை. அவ்வாண்டின் 60 ஆம் இலக்க வாடகை மட்டுப்படுத்தற் கட்டளைச்சட்டம் இந்நிலையிலேயே பிறந்தது. போர் முடிந்த பின்னும் நெருக்கடி முடியாமையால், சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே 1948 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டம் அதனிடத்தைப் பெற்றது.

இங்கே ஒரு நுண்மை கவனிக்கற்பாலது. பிரித்தானியச் சட்டம் உண்மையில் அறவிடப்பட்ட வாடகையை அடிப்படையாகக் கொள்ள, இலங்கைச் சட்டமோ 1941 நவம்பர் மாதத்தில் நடைமுறையிலிருந்த மதிப்பீட்டு இடாப்பின் ஆண்டுப் பெறுமதியை அடிப்படையாகக் கொண்டது. யப்பான் போரிற் புகுந்தது 1941 டிசெம்பரில். ஆகவே அதற்கு முந்திய மாதம் தெரியப்பட்டது பொருத்தமே. ஆனால் உண்மை வாடகையை விட்டு மதிப்பீட்டைப் பற்றியது ஏன்? வாய்மொழி வாடகைக்குச் சான்று காட்ட எவரிடமும் எழுத்தில்லை என்பதே அதற்குத் தக்க விடையாகத் தோன்றுகின்றது. வீட்டுரிமையாளர் எண்பது ரூபா என்பார். குடியிருப்பவர் ஐம்பது என்பார். இருவருக்கும் புறம்பாக நின்ற எழுத்து மாநகரசபையின் ஏடு ஒன்றே. ஆண்டுப் பெறுமதி 480 ரூபா என்று எழுதப்பட்ட வீடொன்றுக்கு நியம வாடகை மாதம் 40 ரூபா ஆயிற்று. சட்டம் அனுமதித்த சில உயர்வுகளைத் தவிர, அதற்கு மேல் ஒரு சதமேனுங் கேட்டல் குற்றமாயிற்று. வரிக்காரன் எழுதிவைத்த தொகை, குடியிருப்பவரின் கேடயமாயிற்று.

1948 ஆம் ஆண்டுச் சட்டம் குடியெழுப்புதலையும் கட்டுப்படுத்தியது. வாடகை நிலுவை, வீட்டுக்குச் சேதம் விளைத்தல், அயலாருக்குத் தொல்லை கொடுத்தல், உரிமையாளருக்கோ அவர்தங் குடும்பத்தாருக்கோ வீடு நியாயமாகத் தேவைப்படுதல் முதலிய காரணங்களின்றி நீதிமன்றம் செல்ல இடமில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சபைகள் அமைந்தன. வாடகைக்கு விடும்போது சாவிப்பணம் முதலிய மேற்பணம் வாங்குவது விலக்கப்பட்டது. விலக்கப்பட்டதெனினும் அது வழக்கொழிந்ததென்று எவருஞ் சொல்லத் துணியார். வாடகைக்கு அளவிட்ட சட்டம் வீடுகளின் தொகையைப் பெருக்க வகை காணாதபோது, மேசைமேல் மறுக்கப்பட்ட பணம் மேசையின்கீழ் கைமாறியது வியப்பன்று.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதியினராகவும் கணக்கராகவும் கொழும்புக்கு வந்த இளைஞர் பலர் கூடி ஒரு வீட்டை எடுத்து, சமையற்காரர் ஒருவரை அமர்த்தி வாழ்ந்தனர். ‘சமறி’ என்று பேச்சு வழக்கிற் பெயர்பெற்ற அக்கூட்டு இல்லங்கள் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் நிறைந்திருந்தன. வீட்டுரிமையாளர் அவருள் ஒருவரையே அறிவார். பற்றுச்சீட்டு அவர் பெயரிலேயே இருக்கும். ஏனையோர் யார்? விருந்தினரா, பங்காளரா, கீழ்வாடகைக்குடிகளா? வீட்டுரிமையாளரின் எழுத்து மூலமான இசைவின்றி வீட்டையோ அதன் பகுதியையோ கீழ்வாடகைக்கு விட்டால், விட்டவரையும் எடுத்தவரையும் ஒருங்கே வெளியேற்றலாம் என்று 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு கூறியது. பெயர் எழுதப்பட்டவர் மாற்றலாகி மட்டக்களப்புக்கோ திருகோணமலைக்கோ போய்விட்டால், எஞ்சியிருந்தோரின் நிலை நூலில் தொங்குவதாயிற்று. நட்பின் பெயரால் நடந்த இல்லங்கள் சட்டத்தின் வினாவுக்கு விடையளிக்க இயலாதனவாயிருந்தன. கொட்டாஞ்சேனையின் நிலை வேறு. துறைமுகத்தை அண்டிய அப்பகுதியில் ஒரே முற்றத்தைச் சூழ வரிசையாக அமைந்த சிறு வீடுகளில் உழைப்பாளிகள் வாழ்ந்தனர். அங்கே வாடகை சிறிது; நீர்க்குழாய் பொது; ஆனால் உரிமையாளருக்கு வரிசை முழுவதுஞ் சேர்த்து வந்த வருவாய் சிறிதன்று.

பற்றுச்சீட்டு என்னும் துண்டுக் காகிதத்தின் பெறுமதியை 1960 களின் வழக்குகளே உணர்த்தின. குடியிருப்பவரை எழுப்ப விரும்பிய உரிமையாளர் செய்யக்கூடிய எளிய காரியம், வாடகையைக் கையேற்க மறுப்பது. மறுத்தபின் நிலுவையெனக் கூறி வழக்கிடலாம். இதற்கு மாற்றாகவே 1966 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. நியம வாடகை மாதம் 100 ரூபாவுக்கு மேற்படாத வீடுகளில் குடியெழுப்புதல் மேலும் கடினமாக்கப்பட்டது. வாடகையை உள்ளூராட்சி மன்றத்தின் அதிகாரம் பெற்ற அலுவலரிடமே செலுத்திவிட்டுப் பற்றுச்சீட்டுப் பெறும் வழியும் சட்டத்தில் இடம்பெற்று, பின்னர் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 ஆம் பிரிவில் நிலைபெற்றது. இதனால் இருவருக்கிடையே நடந்த கொடுக்கல் வாங்கல் நகர மன்றத்தின் கருமபீடத்துக்கு வந்து சேர்ந்தது. உரிமையாளரைப் பதிவு செய்யும் ஏடு இஃதன்று. ஆனால் இன்ன வீட்டுக்கு இன்னார் இன்ன திகதியில் இவ்வளவு வாடகை செலுத்தினார் என்பது பொது அலுவலகம் ஒன்றில் எழுதப்பட்டது.

1970 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் வீடமைப்பு அமைச்சராயிருந்தவர் பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்த பீற்றர் கெனமன். அவர் காலத்தில் மூன்று சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 1970 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றக் கட்டளையின்றி வலுவந்தமாக வெளியேற்றப்பட்ட குடிகளை மீண்டும் வீட்டில் அமர்த்த வழிவகுத்தது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் முந்திய விதிகளைத் தொகுத்து, குடியிருப்பவர் இறந்தால் அவரோடு வாழ்ந்த குடும்பத்தார் அவ்வாடகை உரிமையைத் தொடரலாமென்னும் ஏற்பாட்டைச் செய்தது. மூன்றாவதே எல்லாவற்றினும் கடுமையானது. அது 1973 ஜனவரி 13 ஆந் தேதி நடைமுறைக்கு வந்த, அவ்வாண்டின் 1 ஆம் இலக்க வீட்டாதன உச்சவரம்புச் சட்டம்.

அச்சட்டத்தின் கணக்கு வெளிப்படையானது. ஒரு குடும்பத்துக்கு அதன் தங்கிவாழும் பிள்ளைகளின் தொகையோடு இரண்டைக் கூட்டிவரும் எண்ணளவான வீடுகள் அனுமதிக்கப்பட்டன. குடும்பத்தைச் சேராத தனியாளுக்கு இரண்டு. அதற்கு மேலுள்ளவை மிகை வீடுகள். மிகை வீடு வைத்திருந்தோர் குறித்த காலத்துக்குள் தேசிய வீடமைப்பு ஆணையாளருக்கு உரிய படிவத்திற் பிரகடனம் செய்யவேண்டும். எவற்றை வைத்திருக்க விரும்புகின்றனர் என்பதையும் அதிற் கூறவேண்டும். மிகை வீட்டில் வாடகைக்கிருந்தவர் அதனை வாங்குவதற்கு ஆணையாளரிடம் விண்ணப்பிக்கலாம். வாடகைக்கு விடும் உரிமையாளர் தாமே முன்வந்து தமது வீடுகளை அரசின் முன் எண்ணிக் காட்டக் கடமைப்பட்டது இச்சட்டத்தினாலேயாகும். ஏனைய ஏடுகள் யாவும் வீட்டையோ வாடகையையோ குறித்தன; இப்பிரகடனமோ உடையவரையே குறித்தது. ஆனால் அதன் நோக்கம் உரிமையாளரை ஒழுங்குபடுத்துவதன்று; அவருடைய மிகையை அவரிடமிருந்து பிரிப்பதே. தம் பெயரைப் பதிந்துகொள்ளும் ஒருவர் அதனாலேயே தம் பொருளை இழப்பாராயின், அவ்வேடு உண்மையைத் திரட்டுமா என்னும் ஐயம் எழாதிருக்க முடியாது.

சட்டம் ‘வீடு’ என்பதற்குத் தந்த வரைவிலக்கணமும் சிந்திக்கத்தக்கது. வரிக்காக மதிப்பிடப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், தனி வாசலுடையதாய், அதனூடாக வேறொரு வாழிடத்துக்குச் செல்ல வழியில்லாததாய், தனித்து வாழத்தக்க பகுதி எதுவும் ஒரு வீடே என்று அது கூறிற்று. 1942 இல் மாநகரசபை இடாப்பையே உண்மையென்று நம்பிய சட்டமியற்றுவோர், 1973 இல் அவ்விடாப்பை நம்பவில்லை. இடாப்பில் ஒரே இலக்கம் பெற்ற வளவில், பின்புறத்துத் தனி வாசலோடு வாடகைக்கு விடப்பட்ட இரண்டு அறைகள் தனியொரு வீடாயின. இரண்டு பகுதிகளுக்கும் இடையே ஓர் உள்வாசல் இருப்பதும் இல்லாதிருப்பதும் அதுவரை காற்றோட்டம் பற்றிய கவலையாக இருந்தது. அதன்பின் சட்ட வாதமாயிற்று.

யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பங்களை இச்சட்டம் தொட்ட விதம் தனித்துக் கூறத்தக்கது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையும், அதன்மேல் எழுந்த 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள் மற்றும் உரிமையுரித்துக் கட்டளைச்சட்டமும் கணவன் ஆதனம் வேறு, மனைவியின் சீதனம் வேறு என்றே கொள்ளும். வெள்ளவத்தையில் வீடு வாங்கிய அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் அதனைத் தம் மகளின் சீதனத்தை எண்ணியே வாங்கியிருப்பார். மகளுக்குக் காலம் வரும்வரை அவ்வீடு வாடகைக்கு நிற்கும். உச்சவரம்புச் சட்டமோ கணவன், மனைவி, பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகள் ஆகிய அனைவரையும் ஒரே குடும்பமாகக் கூட்டி எண்ணியது. தேசவழமை பிரித்து வைத்ததை அது ஒன்று சேர்த்தது. பதினெட்டு வயது நிறைந்த மகளோ அக்கூட்டுக் கணக்கிலிருந்து நீங்கித் தனியாளானாள். ஆகவே ஒரே பிள்ளைத்தொகையுடைய இரு குடும்பங்களுள், பிள்ளைகளின் வயது வேறுபட்டமையால் ஒன்றுக்கு இழப்பும் மற்றதற்குப் பாதுகாப்பும் நேர்ந்திருக்கக்கூடும். மற்றொரு பக்கத்தையும் மறத்தலாகாது. முப்பதாண்டு வாடகை கொடுத்து, சுவருக்கு வெள்ளையடித்து, கூரையை மாற்றி வாழ்ந்தும் சொந்தமென்று ஓர் ஓடும் இல்லாதிருந்த குடும்பத்துக்கு அதே சட்டம் முதன்முதலாக ஓர் உறுதியைக் கையிற் கொடுத்தது. அவ்வாறு பெற்றோரிலும் தமிழர் இருந்தனர். இழந்தோர் குரலே பெரிதாகக் கேட்கப்பட்டமையால் பெற்றோர் இல்லையென்று எழுதுதல் வரலாறாகாது.

1977 இல் ஆட்சி மாறியபின் காற்று எதிர்த்திசையில் வீசிற்று. 1980 ஆம் ஆண்டின் 55 ஆம் இலக்கத் திருத்தம், அவ்வாண்டு ஜனவரி முதலாந் தேதி உரிமையாளரே குடியிருந்து பின்னர் வாடகைக்கு விட்ட வீடுகளை வாடகைச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கியது. பழைய வாடகைக்குடிகள் பழைய சட்டத்தின் நிழலிலும், புதியோர் திறந்த வெளியிலும் நிற்கலாயினர். ஒரே ஒழுங்கையில் ஒருவர் நாற்பது ரூபா கொடுக்க, அடுத்த வீட்டார் அதன் பன்மடங்கு கொடுத்ததற்குக் காரணம் இதுவே.

நுகேகொடையின் வளர்ச்சி இப்புதிய காலத்துக்குரியது. 1902 இல் அவிசாவளை வரை திறக்கப்பட்ட களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதையும் பின்னர் அமைந்த ஹைலெவல் வீதியும் அதனைக் கொழும்போடு இணைத்தன. கங்கொடவிலையில் வித்தியோதயப் பல்கலைக்கழகமும், 1980 இல் நாவலையில் திறந்த பல்கலைக்கழகமும் இடங்கொண்டன. மாணவரும் இளம் உத்தியோகத்தரும் அறை தேடி வந்தனர். வெள்ளவத்தையைப் போலன்றி இங்கே வளவு அகலமானது. ஆகவே வீட்டின் பக்கத்தே ‘அனெக்ஸ்’ எழுந்தது. நிருவாகத்தில் நுகேகொடை கோட்டைக்கும் தெகிவளை - கல்கிசைக்கும் இடையே பிரிந்து கிடப்பது. ஆதலின் ஒரே சந்தைக்கும் ஒரே புகையிரத நிலையத்துக்கும் போகும் அயலார் இருவரின் வீடுகள் இருவேறு சபைகளின் மதிப்பீட்டு ஏடுகளில் இருக்கக்கூடும். அனெக்ஸில் இருப்பவரோ எந்த ஏட்டிலும் இல்லாமலே ஆண்டுகளைக் கழிக்கலாம். வாக்காளர் இடாப்புப் படிவத்தை நிரப்புபவர் வீட்டின் பிரதான குடியிருப்பாளர்; வாடகைக்கிருப்பவரின் பெயரை எழுதினால் பின்னர் அவர் உரிமை கோருவாரோ என்னும் அச்சம் உரிமையாளர் பலரைத் தடுத்தது. பழைய வாடகைச் சட்டத்தின் நினைவு, அச்சட்டம் எட்டாத வீடுகளிலும் ஆவிபோல் உலாவிற்று.

இனி மற்றொரு வகை ஏட்டைக் காண்போமாக. 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச்சட்டத்தின் 76 ஆம் பிரிவு, வீட்டில் இருப்போரின் பட்டியலைத் தருமாறு வீட்டுக்காரரைக் கேட்கப் பொலிசாருக்கு அதிகாரமளித்தது. நெடுங்காலம் துயின்ற இவ்விதியின் பொருள் உள்நாட்டுப் போர்க்காலத்தில் விழித்தெழுந்தது. 2005 ஆகஸ்டில் பிறப்பிக்கப்பட்ட அவசரகால நிலையின் பிரமாணங்களும் இத்தகைய பட்டியலை வேண்டின. வீட்டுரிமையாளர் தம் வாடகைக்குடியின் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், கொழும்புக்கு வந்த காரணம் ஆகியவற்றை எழுதிக் கொடுக்கும் நிலை வந்தது. வடக்கிலிருந்து வந்த தமிழருக்கு வீடு கொடுத்தால் விசாரணைக்கு ஆளாகலாமென்று அஞ்சிக் கதவை மூடியோர் உண்டு. அஞ்சாது கொடுத்தோரும் உண்டு.

2007 ஜூன் 7 ஆந் தேதி கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை ஆகிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் அங்கே தங்குவதற்கு உரிய காரணமும் பதிவும் உடையோரே. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாட, மறுநாளே அந்நடவடிக்கையைத் தடுக்கும் இடைக்காலக் கட்டளை பிறந்தது. 2008 செப்டெம்பரில், வடக்கிலிருந்து வந்து மேல் மாகாணத்தில் வாழ்வோர் தம்மைப் பதிந்துகொள்ளுமாறு பணிக்கப்பட்டனர். அவசரகால நிலை 2011 ஆகஸ்டின் இறுதியில் நீங்கிற்று. பட்டியலென்றாலே கொழும்புத் தமிழர் நெஞ்சு துணுக்குறுவதற்கு இன்னும் பழைய காரணமொன்று இருந்தது. 1983 ஜூலையில் வன்செயலாளர் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளை இனங்கண்டனர் எனப் பாதிக்கப்பட்டோரும் ஆய்வாளரும் எழுதியுள்ளனர். சிங்களவருக்குச் சொந்தமான வீட்டில் தமிழர் வாடகைக்கிருப்பதை மதிலைப் பார்த்து அறிய முடியாது. ஏட்டைப் பார்த்து அறியலாம். அவ்வாண்டில் ஓடிய வாடகைக்குடிகள் பலர் திரும்பவில்லை. வாய்மொழி வாடகையில் இருந்தோருக்கு, தாம் அங்கு வாழ்ந்ததற்குச் சான்றாக எரிந்த பற்றுச்சீட்டுகளின் சாம்பல் அன்றிப் பிறிதொன்றும் எஞ்சவில்லை.

ஆகவே பதிவே தீதென்று கூறுதல் பொருந்துமோ? பிறநாடுகளின் நடைமுறை வேறொரு வகையையும் காட்டுகின்றது. எந்தக் கிளாஸ்கோவில் 1915 இல் வாடகைக் கிளர்ச்சி எழுந்ததோ, அந்த ஸ்கொத்லாந்திலேயே 2004 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி 2006 முதல் தனியார் வீட்டுரிமையாளர் ஒவ்வொருவரும் உள்ளூராட்சி மன்றத்திற் பதிந்துகொள்ளல் வேண்டும். அவர் வாடகைக்கு விடத் தகுதியுடையவரா என்பதை மன்றம் ஆராயும். பதியாது வாடகைக்கு விடுதல் குற்றம். வேல்ஸ் நாட்டில் 2014 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் அத்தகைய பதிவை ஏற்படுத்திற்று. தமிழகத்தில் 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வீடு வெறிதானால் உரிமையாளர் அதனை அரசின் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டுமென்று விதித்திருந்தது. அதனிடத்தில் 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017 ஆம் ஆண்டுச் சட்டம், வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் அமைத்து வாடகை அதிகாரியிடம் பதிந்து பதிவிலக்கம் பெறவேண்டும் என்கின்றது. ஸ்கொத்லாந்தின் ஏடு வினாவுவது ‘வாடகைக்கு விடுபவர் தக்கவரா’ என்பது. தமிழகத்தின் ஏடு வினாவுவது ‘இருவரும் எதற்கு உடன்பட்டனர்’ என்பது. கொழும்பின் பொலிஸ் ஏடு வினாவியதோ ‘உள்ளே இருப்பவர் யார்’ என்பதே. உரிமையாளர் மூன்றிலும் எழுதிக் கொடுப்பவர்தாம். ஆனால் முதலிரண்டில் அவர் பொறுப்பாளி, மூன்றாவதில் அவர் சாட்சி.

இலங்கையின் வாடகைச் சட்டங்கள் 1942 முதல் 1972 வரை நியம வாடகையை வகுத்தன, குடியெழுப்புதலைத் தடுத்தன, சபைகளை அமைத்தன. உரிமையாளரின் தகுதியை ஆராயும் பதிவேடொன்றை அவை அமைக்கவில்லை. அண்மைக் காலத்தில் பதிவை நோக்கி வாடகைக்குடியைத் தள்ளியது வேறொரு வாயில். முதலாந் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது வதிவிடத்துக்குச் சான்று கேட்கப்படும். உறுதியோ, பதிவுபெற்ற குத்தகைப் பத்திரமோ, வாக்காளர் இடாப்பில் தொடர்ந்து இடம்பெற்ற பெயரோ காட்டுவோர்க்கே புள்ளிகள். 1840 இன் விலக்கில் நிம்மதியாக வாழ்ந்த வாய்மொழி வாடகைக்குடி, பிள்ளைக்கு ஐந்து வயது நிறையும்போது நொத்தாரிசின் கந்தோரைத் தேடுகின்றார். உரிமையாளரும் இப்போது எழுத்தை விரும்பக் காரணம் உண்டு. 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், குத்தகை ஒப்பந்தத்தின்படி கொடுத்த வீட்டின் உடைமையை மீட்பதற்கு நீதிமன்றத்திற் குறுகிய வழியொன்றை வகுத்துள்ளது. ஒருவர் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காகவும், மற்றவர் வீட்டை விரைவில் மீட்பதற்காகவும், ஒரே பத்திரத்தில் ஒரே நாளில் இரு சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிடுகின்றனர்.